கம்ப்யூட்டர் விளையாட்டு ஏன் திணறுகிறது?

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் மாலை வேளையில் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டு நடக்கிறது. தில்லியில் இருக்கும் என் பேரனும் சென்னையில் இருக்கும் அவன் அத்தை பிள்ளைகளும் ஒரே உலகத்தில் வீடு கட்டுகிறார்கள். வீட்டுக்கு வெளியே அவன் தமிழ் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். ஆட்டம் திணறினால் பேச்சும் நின்றுவிடுகிறது. உடனே பெற்றோர் விலை கூடிய இணைய இணைப்புக்கு மாறுகிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு. ரயில்வேயில் வண்டித் தாமதங்களைத் துருவிய பழக்கத்தில் சொல்கிறேன்: தாமதம் எந்த இடத்தில் என்பதை முதலில் பாருங்கள்.

தனியாக ஆடும்போதும் படம் தத்தித் தத்தி ஓடினால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில். ஒரு பிள்ளை மட்டும் திணறினால் அந்த வீட்டு இணைப்பில். எல்லோரும் ஒரே நேரத்தில் திணறினால் பெரும்பாலும் சர்வரில்.

தில்லி - சென்னை ரயில் பாதை சுமார் 2,180 கி.மீ. கேபிளும் அவ்வளவு தூரம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர ஏறக்குறைய 22 மில்லிசெகண்ட். எந்தக் கட்டணத் திட்டமும் இதைக் குறைக்காது; கூடுதல் தண்டவாளம் போட்டால் வண்டி வேகமாக ஓடிவிடுமா? இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபைக்குப் பதில் ஒரு கேபிள் இழுத்தாலே பலருக்குக் குறை தீரும்.

சர்வர் விஷயம் வேறு. அது நொடிக்கு 20 முறை உலகத்தை நகர்த்துகிறது. ஒரு முறைக்கு 50 மில்லிசெகண்ட்; மாடு நடப்பது, பயிர் வளர்வது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். வேலைக்கு 100 ஆனால் நொடிக்கு 10 முறைதான் நகரும். பொழுது சாய்வதுகூடத் தாமதமாகும். இந்த வேலையில் பெரும்பகுதி ஒற்றைத் தடத்தில் நடப்பதால், பல 'கோர்' கொண்ட கம்ப்யூட்டர் வாங்கியும் பெரிய பயன் இல்லை. ஒரு கோரின் வேகமே முக்கியம்.

'ஸ்பார்க்' என்ற இலவசக் கருவி எந்த வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும். நம் கன்ட்ரோல் ஆபீஸ் சார்ட் மாதிரி. அடிக்கடி அகப்படும் குற்றவாளிகள், ஒரே கொட்டிலில் அடைத்த நூற்றுக்கணக்கான கோழிகளும், பொருள் விழுகிறதா என்று ஓயாமல் பார்க்கும் 'ஹாப்பர்' வரிசைகளும். கோழிகளைக் குறைக்கச் சொன்னால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அது தனி வழக்கு.

அடுத்து, சர்வர் அமைப்புக் கோப்பில் 'வியூ டிஸ்டன்ஸ்', 'சிமுலேஷன் டிஸ்டன்ஸ்' இரண்டும் வழக்கமாக 10 என்றிருக்கும். அதாவது ஒவ்வொருவரைச் சுற்றியும் 21க்கு 21, 441 நிலத் துண்டுகள். 6 ஆக்கினால் 169தான். ஒவ்வொன்றாக மாற்றி, ஸ்பார்க் காட்டும் எண்ணைப் பாருங்கள். கை வைக்குமுன் சர்வரை நிறுத்தி, உலகம் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிய வீடு அதற்குள்தான் இருக்கிறது.