பாதி மின்னஞ்சல் போகுது, பாதி திரும்பி வருது... ஏன்?

நிறுவனத்தில் 2 மின்னஞ்சல் சர்வர்கள். காலையில் வாடிக்கையாளரின் ஜிமெயிலுக்கு அனுப்பிய இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்தது. மதியம் அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. அதே முகவரிதான்!

முதலில் பார்க்கவேண்டியது 'ரிவர்ஸ் டிஎன்எஸ்'.

அது என்ன?

வழக்கமான டிஎன்எஸ், பெயரைக் கேட்டு ஐபி எண்ணைச் சொல்லும். இது தலைகீழ். எண்ணைக் கொடுத்தால் பெயர் வரும். அந்தப் பதிவுதான் 'பிடிஆர்'.

203.0.113.10 என்ற எண்ணுக்கு 'மெயில்1' என்று பதில் வந்தால், பெறும் சர்வர் அதோடு விடாது. 'மெயில்1' எந்த எண் என்று திருப்பிக் கேட்கும். அதே எண் வரலைன்னா சந்தேகம்தான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதை எல்லா அனுப்புநர்களிடமும் எதிர்பார்க்கிறது.

2 சர்வர் இருந்தால்?

இங்கேதான் பலர் சறுக்குறாங்க. முதல் சர்வருக்குப் பதிவு இருக்கும். பிறகு சேர்த்த இரண்டாவதை மறந்திருப்பார்கள். ஒவ்வோர் ஐபி எண்ணுக்கும் ஒரு பிடிஆர் வேண்டும். சர்வருக்கு ஐபிவி6 எண் இருந்தால் அதற்கும்தான். ஒரே எண்ணுக்கு நாலு பெயர் எழுதிவைப்பதும் வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

டொமைன் வாங்கிய இடத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஐபி எண்ணைக் கொடுத்த இணையச் சேவை நிறுவனமோ கிளவுட் நிறுவனமோதான் மாற்றித் தரமுடியும். கேட்கும்போது எல்லா எண்களையும் சேர்த்தே கொடுத்திடுங்க.

மாற்றியபின் 'என்எஸ்லுக்அப்' கட்டளையில் ஒவ்வோர் எண்ணையும் தட்டிப் பாருங்கள். சில மணிநேரம் பழைய பதிலே வரலாம்.