கூலி கேட்காத கைகள்

அயர்லாந்து நாட்டின் டோனிகால் ஜில்லாவில் ஊர் ஜனங்களே செய்யும் தொண்டு

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் அட்லாண்டிக் கடலை ஒட்டி இருக்கும் பச்சைத் தீவு அயர்லாந்து. அந்தத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது டோனிகால் ஜில்லா.

ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் கடல். நடுவே சதுப்பு நிலம். ஊர்கள் சின்னச் சின்னவை. பல ஊர்களில் ஆயிரம் பேர் கூட இல்லை.

ஆனால் இந்த ஜில்லாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. தெருவை அழகாக வைப்பது, கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றுவது, பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக் கொடுப்பது - இவற்றில் பெரும் பகுதியை ஊர் ஜனங்களே செய்கிறார்கள்.

கூலி? ஒரு காசு கூடக் கிடையாது!

பிறகு ஏன் செய்கிறார்கள்? அதைத் தெரிந்து கொள்ள, அந்த ஜில்லாவின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஊரை விட்டுப் போனவர்கள்

1841-ம் ஆண்டில் டோனிகால் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 2 லட்சத்து 96 ஆயிரம். ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சாப்பாடு.

1845-ம் ஆண்டில் அந்தக் கிழங்குச் செடியில் ஒரு நோய் விழுந்தது. பயிர் அழுகியது. பஞ்சம் வந்தது. அயர்லாந்து முழுவதும் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பல் ஏறி வெளிநாடு போனார்கள்.

பஞ்சம் தீர்ந்தது. ஆனால் ஊரை விட்டுப் போவது நிற்கவில்லை. 1950 முதல் 1960 வரை, பத்தே ஆண்டுகளில், அயர்லாந்தை விட்டுச் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள்.

1961-ம் ஆண்டுக் கணக்குப்படி டோனிகாலில் எஞ்சியவர்கள் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் பேர். பத்துப் பேர் இருந்த இடத்தில் நாலு பேர்!

இந்த ஜில்லாவில் உள்ள ஒரு சின்ன ஊர் கிளென்டீஸ். அதன் அருகே 1889-ல் பிறந்தவர் எழுத்தாளர் பாட்ரிக் மக்கில். அவர் சிறு வயதிலேயே கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஸ்காட்லாந்துக்குப் போய், கிழங்கு பொறுக்கும் வேலை செய்தார். அந்தக் காலத்தில் டோனிகால் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வாழ்க்கை.

வீடுகள் பூட்டிக் கிடந்தன. வயதானவர்கள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரை யார் தூக்கி நிறுத்துவது?

மாற்றி மாற்றி உதவி

அயர்லாந்துக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. அதற்கு அவர்கள் மொழியில் "மெஹல்" என்று பெயர். அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் வேலை என்பது அதன் பொருள்.

அந்த நாட்டில் மழை அதிகம். அறுத்துப் போட்ட புல் நனைந்தால், குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி இல்லை. வெயில் அடிக்கும் சில நாட்களுக்குள் புல்லைக் காயவைத்துக் குவித்து விட வேண்டும். ஒரு குடும்பத்தால் முடிகிற காரியமா?

ஆகவே ஊரே வந்து கை கொடுக்கும். இன்று ஒருவர் வயல். நாளை மற்றொருவர் வயல். யாரும் கூலி கேட்பதில்லை. வேலை நடக்கும் வீட்டில் சாப்பாடு உண்டு. சில சமயம் இரவில் பாட்டும் ஆட்டமும் உண்டு.

சதுப்பு நிலத்தில் மண்கட்டி வெட்டுவதும் இப்படித்தான். அந்தக் கட்டிகளைக் காயவைத்து அடுப்பு எரிப்பார்கள். வெட்ட ஒருவர், எடுத்து வீச ஒருவர், அடுக்க ஒருவர் என்று பல கைகள் வேண்டும்.

இதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. ஆனால் யார் யாருக்கு உதவினார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்!

காலம் மாறியது. யந்திரங்கள் வந்தன. பத்துப் பேர் வேலையை ஒரு யந்திரம் செய்தது. மெஹல் வயலை விட்டுப் போயிற்று. ஆனால் அது அழிந்து விடவில்லை. வயலில் இருந்து தெருவுக்கு வந்தது!

முதல் பரிசு பெற்ற ஊர்

1958-ம் ஆண்டில் அயர்லாந்து சுற்றுலாத் துறை ஒரு போட்டியைத் தொடங்கியது. அதன் பெயர் "டைடி டவுன்ஸ்". "சுத்தமான ஊர்கள்" என்று நாம் சொல்லலாம்.

எந்த ஊர் துப்புரவாக இருக்கிறது? எந்த ஊரில் வீடும் கடையும் பளிச்சென்று இருக்கின்றன? எந்த ஊரில் பூச்செடிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன? அந்த ஊருக்குப் பரிசு!

முதல் ஆண்டில் 52 ஊர்கள் போட்டியிட்டன. முதல் பரிசு பெற்ற ஊர் எது தெரியுமா? பிள்ளைகளைக் கூலிக்கு அனுப்பிய அதே கிளென்டீஸ்தான்!

அதோடு நிற்கவில்லை. 1959, 1960, 1962 ஆகிய ஆண்டுகளிலும் கிளென்டீஸ் முதல் பரிசு வாங்கியது. அதற்கு அடுத்த முதல் பரிசு 1995-ல் வந்தது. 1958-ல் துடைப்பம் எடுத்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகி, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்து விட்ட காலம் அது.

இந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. நூற்றுக்கணக்கான ஊர்கள் கலந்து கொள்கின்றன. பரிசோதகர் எந்த நாளில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமல் வந்து, தெருத் தெருவாகப் பார்த்து, மார்க்குப் போட்டு விட்டுப் போவார்.

ஆகவே ஒரு நாள் மட்டும் கூட்டி விட்டால் போதாது. கோடைக்காலம் முழுவதும் ஊர் ஒழுங்காக இருக்க வேண்டும்.

எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று ஒவ்வொரு ஊருக்கும் எழுத்து மூலம் அறிக்கையும் வரும். பரிசு வாங்காத ஊருக்கு அந்த அறிக்கைதான் அடுத்த ஆண்டுக்குப் பாடம்.

இப்போது வெறும் சுத்தத்துக்கு மட்டும் மார்க்கு இல்லை. பறவைக்கும் தேனீக்கும் இடம் விட்டிருக்கிறார்களா, குப்பையைக் குறைக்கிறார்களா என்றும் பார்க்கிறார்கள். முன்பு களை என்று பிடுங்கிய சில காட்டுப் பூச்செடிகளை இன்று தேனீக்களுக்காக விட்டு வைக்கிறார்கள்!

புயலில் போன படகு

தெருவைக் கூட்டுவது சுலபம். உயிரைப் பணயம் வைப்பது சுலபமா? அதையும் கூலி இல்லாமல் செய்கிறார்கள்.

டோனிகால் கரைக்கு எதிரே அரன்மோர் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே 1883-ம் ஆண்டு முதல் உயிர்காக்கும் படகு நிலையம் உண்டு.

1940-ம் ஆண்டு டிசம்பர் மாதம். உலக யுத்த காலம். "ஸ்டோல்விக்" என்ற டச்சுக் கப்பல் டோனிகால் கரையோரப் பாறைகளில் மோதியது. பயங்கரப் புயல். மலை போன்ற அலைகள்.

அரன்மோர்த் தீவுக்காரர்கள் படகை எடுத்தார்கள். ஜான் பாயில் என்பவர் படகுத் தலைவர். அலைகளோடு போராடிக் கப்பலை நெருங்கினார்கள். கப்பலுக்கும் படகுக்கும் இடையே கயிறு கட்டினார்கள். கப்பலில் இருந்தவர்களைக் கயிற்றின் வழியாக ஒவ்வொருவராக இழுத்தார்கள்.

18 பேர் உயிர் பிழைத்தார்கள்!

ஜான் பாயிலுக்கு உயிர்காக்கும் படகுச் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. அவரோடு போனவர்களுக்கும் பதக்கங்கள் கிடைத்தன.

இன்றும் அந்தச் சங்கத்தின் படகுகளில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தொண்டர்களே. வீட்டில் இருந்தாலும் கடையில் இருந்தாலும், அழைப்பு வந்தால் ஓட வேண்டும்.

படகுக்கும் எண்ணெய்க்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும் பகுதி ஜனங்கள் தரும் நன்கொடை. ஊர்களில் காப்பி விருந்து நடத்துவார்கள். பலகாரம் விற்பார்கள். உண்டியல் குலுக்குவார்கள்.

வேடிக்கை பார்க்க வந்தவர் ஒரு காப்பி குடித்து விட்டுப் போகிறார். அந்தக் காப்பிக் காசு புயலில் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது! ஊர் விழாவையும் ஊர்த் தொண்டையும் அங்கே பிரிக்க முடியாது.

சம்பளம் இல்லாத வீரர்கள்

அயர்லாந்துக்கென்று தனிப் பந்தாட்டம் உண்டு. 1884-ல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதை நடத்துகிறது.

தலைநகர் டப்ளினில் இறுதி ஆட்டம் நடக்கும்போது 80 ஆயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். ஆனால் ஆடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது! ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர் பள்ளிக்குப் போவார். விவசாயி தொழுவத்துக்குப் போவார்.

1992-லும் 2012-லும் டோனிகால் அணி நாட்டுக் கோப்பையை வென்றது. அந்த வீரர்களுக்குச் சிறு வயதில் பந்தாட்டம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஊர்த் தொண்டர்கள்தான்.

நீங்களும் வரலாம்

வெளியூரில் இருந்து குடிவந்தவரும் இந்தத் தொண்டில் சேரலாம். துடைப்பம் பிடிக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், விழா நாளில் வண்டிகளை நிறுத்த வழி காட்டலாம். பெரிய படிப்பு தேவையில்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. குழந்தைகளோடு பழகும் வேலை என்றால், முதலில் போலீஸ் விசாரித்துச் சான்று தர வேண்டும். 2016 முதல் இது சட்டம். குழந்தைகளின் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு இது.

2022-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், தொண்டு செய்வதாகச் சொன்னவர்கள் அயர்லாந்து முழுவதும் 7 லட்சத்துக்கு மேல். நாட்டின் ஜனத்தொகையே சுமார் 51 லட்சம்தான்!

அதே கணக்கில் டோனிகாலின் ஜனத்தொகை சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம். இறங்கிய கணக்கு ஏறியிருக்கிறது.

தொண்டினால் மட்டும் ஜனத்தொகை ஏறி விட்டதா? இல்லை. வேலை வேண்டும். பள்ளி வேண்டும். சாலை வேண்டும். இவை இல்லாமல் யாரும் ஊரில் தங்க மாட்டார்கள். இன்றும் வேலை தேடி வெளியே போகும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. போனவர் திரும்பி வரும்போது ஊர் ஊராக இருக்க வேண்டும். தெரு தெருவாக இருக்க வேண்டும். "வா, இந்தச் சனிக்கிழமை ஓர் ஆள் குறைகிறது" என்று கூப்பிட ஒருவர் இருக்க வேண்டும்.

அப்படிக் கூப்பிட ஆள் இருக்கும் ஊருக்குத்தான் போனவர் மனம் திரும்பும். டோனிகாலின் கூலி கேட்காத கைகள் காத்து வைத்திருப்பது அதைத்தான்.