வரிக் கணக்கின் கடைசி நாளும் ‘503’ பிழையும்: இணையதளம் முடங்கும்போது கோளாறு எங்கே இருக்கிறது?

பெங்களூரு: தேர்வு முடிவு, ரயில் முன்பதிவு, வருமான வரிக் கணக்கு என லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திரளும் இணையதளங்களில் ‘503 – சேவை கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பைப் பலரும் பார்த்திருப்பர். ‘சர்வர் டவுன்’ என்று அலுத்துக்கொண்டு, பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பதே பெரும்பாலானோரின் வழக்கம். ஆனால், அந்த அறிவிப்பை அனுப்புவது பெரும்பாலும் பழுதான சர்வர் அல்ல. அதற்கு முன்னால் காவலாளியைப்போல் நிற்கும் மற்றொரு சர்வர்.

இந்த வேறுபாட்டுக்குப் பெங்களூருவைவிடப் பொருத்தமான களம் இல்லை. நாடு முழுவதும் தாக்கலாகும் வருமான வரிக் கணக்குகளைப் பரிசீலிக்கும் மத்திய செயலாக்க மையம் இந்நகரில்தான் இயங்குகிறது. வரித்துறையின் மின்தாக்கல் இணையதளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமையகமும் இங்குள்ள எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ளது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று ஒரே நாளில் 69.92 லட்சம் கணக்குகள் தாக்கலாகின. அன்றிரவு 7 மணி முதல் 8 மணி வரை மட்டும் 5.07 லட்சம், 8.08 மணிக்கு ஒரே நிமிடத்தில் 9,367 கணக்குகள் வந்ததாக வரித்துறை தெரிவித்தது.

பெரிய இணையதளங்களில் பயனாளரின் கோரிக்கை நேரடியாகப் பின்புலச் சர்வரைச் சென்றடைவதில்லை. ‘கேச் பிராக்ஸி’ எனப்படும் இடைநிலைச் சர்வர் அதை முதலில் பெற்றுக்கொள்கிறது. பெங்களூருவின் தர்ஷினி உணவகங்களைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். டோக்கனை நீட்டியதும் இட்லி வந்துவிடுகிறது. அது ஏற்கெனவே வெந்து தயாராக இருக்கிறது. தோசை அப்படியல்ல, கல்லில் வார்த்துத்தான் தர வேண்டும். முகப்புப் பக்கம், படங்கள், விதிமுறைகள், படிவங்கள் ஆகியவை இட்லி. ஒருமுறை தயாரித்த நகலை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். ஒருவருடைய பான் எண்ணுக்குரிய வருமான விவரம், அவருக்கு அனுப்பப்படும் ஓடிபி, அவரது டிஜிட்டல் கையொப்பம் ஆகியவை தோசை. அவற்றை நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது பிழையல்ல, தனியுரிமை மீறல்.

சமையலறையிலிருந்து பதில் வராதபோது இடைநிலைச் சர்வர் வாடிக்கையாளருக்குச் சொல்லும் செய்திதான் அந்த மூன்று இலக்க எண். பின்புலச் சர்வர் பொருளற்ற பதிலை அனுப்பினால் 502; தற்போது பதிலளிக்கும் நிலையில் எந்தச் சர்வரும் இல்லையெனில் 503; காத்திருந்தும் உரிய நேரத்துக்குள் பதில் வராவிட்டால் 504 என்பது பொது வழக்கம்.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடுத்தடுத்த இரு நாள்களில் நிகழ்ந்த இரு சம்பவங்கள், கோளாறு எந்த அடுக்கில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதைக் காட்டின. கணக்குகளைப் பரிசீலிக்கும் கால அளவை 63 நாள்களிலிருந்து ஒரு நாளாகக் குறைக்கும் நோக்குடன், ரூ.4,242 கோடி திட்டத்தின்கீழ் உருவான புதிய வரித்தளம் ஜூன் 7-இல் தொடங்கப்பட்டது. உள்நுழைவதில் தாமதம், ஓடிபி வராமை, கையொப்பம் பதிவாகாமை எனப் புகார்கள் குவிந்தன. மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இன்ஃபோசிஸ் நிறுவனத்தையும் அதன் தலைவர் நந்தன் நிலேகனியையும் பொதுவெளியில் குறிப்பிட்டுத் தீர்வு கோரினார். அதே ஜூன் 8 அன்று, இந்திய நேரப்படி பிற்பகல் 3.17 மணியளவில், ஃபாஸ்ட்லி என்ற அமெரிக்க நிறுவனத்தின் உலகளாவிய கேச் வலையமைப்பு செயலிழந்தது. கார்டியன், நியூயார்க் டைம்ஸ், ரெடிட், பிரிட்டன் அரசின் இணையதளம் ஆகியவற்றில் ‘503’ தோன்றியது. மே 12-இல் நிறுவப்பட்ட மென்பொருளில் மறைந்திருந்த பிழையை, ஒரு வாடிக்கையாளர் முறைப்படி செய்த அமைப்பு மாற்றம் தூண்டிவிட்டதே காரணம் என்று அந்நிறுவனம் விளக்கமளித்தது. 49 நிமிடங்களில் 95 சதவீத வலையமைப்பு மீண்டது.

ஃபாஸ்ட்லி விவகாரத்தில் சமையலறைகள் நலமாக இருந்தன. பரிமாறுபவரே மயங்கி விழுந்தார். வரித்தளத்தின் மீதான புகார்களோ பெரும்பாலும் கேச் கைகொடுக்க இயலாத தோசைப் பட்டியலைச் சேர்ந்தவை. அந்தச் சிக்கல் நிமிடங்களில் தீரவில்லை. ஆகஸ்ட் 21 முதல் தளமே கிடைக்காமல் போனதையடுத்து, இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் 23-ஆம் தேதி நேரில் அழைக்கப்பட்டார். செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யுமாறு கெடு விதிக்கப்பட்டது. தனிநபர்கள் கணக்கு தாக்கல் செய்வதற்கான அவகாசம் டிசம்பர் 31 வரை நீண்டது.

இத்தகைய நேரங்களில் பொறியாளர்கள் செய்யும் முதல் வேலை, இடைநிலைச் சர்வரைத் தவிர்த்துவிட்டு, அதே பக்கத்தைப் பின்புலச் சர்வரிடம் நேரடியாகக் கேட்டுப் பார்ப்பது. உடனே சரியான பதில் வந்தால், கோளாறு இடையில் இருக்கிறது: தவறான முகவரி, தடுக்கும் ஃபயர்வால், அளவு மீறிய குக்கீ போன்றவை. பதில் தாமதமானால் தேடல் தரவுத்தளத்தை நோக்கித் திரும்ப வேண்டும்.

ஃபாஸ்ட்லியின் அமைப்புக்கும் அடித்தளமான ‘வார்னிஷ்’, இவ்வகை மென்பொருள்களில் புகழ்பெற்றது. நார்வே நாளிதழான வெர்டென்ஸ் காங்கின் தேவைக்காக உருவாகி, 2006-இல் வெளியானது. இதன் பிழைப் பக்கத்தில் ‘குரு மெடிடேஷன்’ என்ற சொற்களும் ஓர் எண்ணும் இருக்கும். குருவின் தியானம் என்று பொருள்படும் இச்சொற்கள் பழைய அமிகா கணினிகளின் பிழைத்திரையிலிருந்து வந்த நகைச்சுவை. எண் மட்டும் நகைச்சுவையல்ல. அதைக்கொண்டு பதிவேட்டில் தேடினால், அந்தக் குறிப்பிட்ட கோரிக்கை எந்த இடத்தில் முறிந்தது என்பதைக் காணலாம். உதவி மையத்துக்குப் புகார் அனுப்புவோர் திரைப்படத்துடன் அந்த எண்ணையும் சேர்த்தால், பல மணி நேரத் தேடல் மிச்சமாகும்.

வார்னிஷ் தானாகக் கடைப்பிடிக்கும் அளவின்படி, இணைப்புக்கு 3.5 விநாடியும் பதிலின் முதல் எழுத்துக்கு 60 விநாடியும் காத்திருக்கும். பிழை வந்தவுடன் இந்த 60-ஐ 300 ஆக்குவது பரவலான பழக்கம். பெரும்பாலும் தவறான பழக்கமும்கூட. பிழைப் பக்கம் மறையும், ஆனால் முடியாத கோரிக்கைகள் பின்புலத்தில் தேங்கி, நலமாக இருந்த பகுதிகளையும் மூழ்கடிக்கும். நலச் சோதனையிலும் இதேபோன்ற பொறி உண்டு. ஐந்து விநாடிக்கு ஒருமுறை பின்புலத்தைச் சோதித்து, கடைசி எட்டுச் சோதனைகளில் மூன்றாவது வெற்றி பெற்றால் ‘நலம்’ என்று வார்னிஷ் கொள்கிறது. சோதனைப் பக்கம் தரவுத்தளத்தைத் தொடாமல் ‘சரி’ என்று மட்டும் சொன்னால், உள்ளே எல்லாம் நின்றுபோன பின்னும் சர்வர் நலமாகவே தோன்றும்.

பின்புலம் விழுந்த நேரத்தில் சற்றுப் பழைய நகலைக் கொடுத்துச் சமாளிக்கும் ‘கிரேஸ்’ என்ற வசதியும் உள்ளது. செய்தித்தளத்துக்கு இது வரப்பிரசாதம். வரி பாக்கியைக் காட்டும் பக்கத்துக்கு உதவாது.

கூட்டம் குறையும் தருணமும் ஆபத்தானதாக இருக்கலாம். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் ஆட்டத்தைக் கண்டனர். தோனி ரன் அவுட் ஆனதும் பார்வையாளர்கள் கூட்டமாக வெளியேறினர். கேச் வழியே வந்த காணொலியை விட்டு அவர்கள் ஒரே நேரத்தில் முகப்புக்குத் திரும்ப, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டிய அந்தப் பக்கத்தின் சுமை பின்புலத்தின்மீது இறங்கியது. பிழைத் திரையைக் கண்டு அனைவரும் புதுப்பிப்புப் பொத்தானை அழுத்துவதும் இதே விளைவைத் தருகிறது.

எனவே 503 வந்தால் சில நிமிடங்கள் விட்டு முயல்வதே பயனளிக்கும். 504 வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. இடைநிலைச் சர்வர் காத்திருப்பதைக் கைவிட்டது என்பதே அதன் பொருள். பின்னால் வேலை முடிந்திருக்கக்கூடும். வரி செலுத்தும்போது அவ்வாறு நேர்ந்தால், மறுபடி பணம் கட்டுவதற்கு முன் வங்கிக் கணக்கையும் தளத்தின் கட்டண வரலாற்றையும் பார்க்க வேண்டும். கணக்கைச் சமர்ப்பித்தபோது நேர்ந்தால், ஒப்புகை எண் உருவாகியுள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கெடு தவறினால் தாமதக் கட்டணம் ரூ.5,000 வரை, மொத்த வருமானம் ரூ.5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு ரூ.1,000.

கடந்த 2025-இல் செப்டம்பர் 15 வரை நீட்டிக்கப்பட்டிருந்த கெடு, தளம் மந்தமாக இருப்பதாகப் புகார்கள் எழுந்த நிலையில், அன்று நள்ளிரவையொட்டி மேலும் ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. அதற்கான மாற்றங்களைச் செய்வதற்காக, நள்ளிரவு 12 மணி முதல் 2.30 மணி வரை தளம் பராமரிப்பில் இருக்கும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது.