ஓட்டும் இன்பமும் தவணைக் கணக்கும்

நடுத்தர செடான் கார்: புதியதா, பழையதா?

கார் கடன் பிரிவில் அமர்ந்திருக்கும் அலுவலரிடம் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள்தான்: வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு. எந்தக் கார் என்பதை அவர்கள் முன்பே தீர்மானித்திருப்பார்கள். சென்ற ஆண்டு, புணே நகரில் நான் பணிபுரியும் கிளைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் சற்றே தயங்கியபடி வேறொரு செய்தியைச் சொன்னார். வீட்டில் அனைவரும் உயரமான எஸ்.யூ.வி. வகைக் காரை வாங்கச் சொல்கிறார்கள். தமக்கோ நல்லதொரு செடான்மீதுதான் விருப்பம். காரணம் கேட்டால், கார் ஓட்டுவது தமக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு விடை இல்லை என்றார். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போல அவர் அதைச் சொன்னதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

ஓட்டும் இன்பத்துக்காகக் கார் வாங்குவதில் தவறேதும் இல்லை. ஆயினும், விருப்பத்துக்காக வாங்கும் பொருளில்தான் நாம் கணக்கை எளிதில் மறந்துவிடுகிறோம். தவணை கட்டத் திணறும் வீட்டில் எந்தக் காரும் இன்பம் தருவதில்லை. எனவே இத்தகைய காரைச் சாலையில் ஒருமுறையும், கணக்கேட்டில் ஒருமுறையும் சோதித்தே வாங்க வேண்டும்.

இன்பம் எங்கிருந்து வருகிறது?

செடானின் முதல் சிறப்பு அதன் தாழ்ந்த அமைப்பு. எடையின் மையம் தரைக்கு அருகில் இருப்பதால், வளைவுகளில் உடல் பக்கவாட்டில் சாய்வது குறைவு. தாமினி மலைப்பாதை போன்ற சாலைகளில் இவ்வேறுபாட்டை ஓட்டுநரும் உணர்வார். பின்னிருக்கையில் அமர்ந்து தலைசுற்றலுக்கு ஆளாகிறவர்கள் இன்னும் நன்றாக உணர்வார்கள்.

அடுத்தது எஞ்சின். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது குதிரைத்திறன். நகரச் சாலையில் நாம் அன்றாடம் உணர்வதோ டார்க் எனப்படும் முறுக்கு விசை. ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் எஞ்சின் 121 குதிரைத்திறனும் 145 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. டர்போ இல்லாத அந்த எஞ்சினின் முழு டார்க், நிமிடத்துக்கு 4,300 சுழற்சிகளில்தான் கிடைக்கிறது. ஸ்கோடா ஸ்லாவியா, வோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஆகியவற்றின் 1 லிட்டர் டர்போ எஞ்சினுக்குக் குதிரைத்திறன் 115 மட்டுமே. எனினும் 178 நியூட்டன் மீட்டர் டார்க், 1,750 சுழற்சிகளிலேயே கிடைத்துவிடுகிறது. அதே கார்களின் 1.5 லிட்டர் டர்போ 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டரும், ஹூண்டாய் வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ 160 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டரும் தருகின்றன.

எண்ணில் பெரியதே இன்பத்திலும் பெரியது என்று கொள்ள வேண்டியதில்லை. சிட்டியின் எஞ்சின், சுழற்சி ஏற ஏற உற்சாகம் கொள்ளும் வகை. கியரை மாற்றி மாற்றி ஓட்டுவதில் மகிழ்பவருக்கு அதுவே உகந்தது. டர்போ எஞ்சின், ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தியதுமே முன்னே பாயும். நெடுஞ்சாலையில் லாரிகளை முந்திச் செல்வோர் அதை விரும்புவார்கள்.

மூன்றாவது, கியர் அமைப்பு. கையால் மாற்றும் கியர் மிகுந்த ஈடுபாட்டைத் தரும். நெரிசலில் இடது காலுக்கு வேலையும் தரும். சி.வி.டி. வகைத் தானியங்கி கியர் நகரத்துக்கு மிக இதமானது. ஆனால் விரைவாக முந்த முயலும்போது எஞ்சின் ஒலி முதலில் உயர, வேகம் சற்றுப் பின்னால் வரும். டார்க் கன்வர்ட்டர் வகை நிதானமானது, நெடுங்காலம் பழகிய தொழில்நுட்பம். இரட்டை கிளட்ச் வகை மின்னல் வேகத்தில் கியர் மாற்றும். பழுதடைந்தால் செலவும் பெரிதாகவே இருக்கும்.

சோதனை ஓட்டத்தில் கவனிக்க வேண்டியவை

ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டுவது சோதனை ஓட்டம் ஆகாது. ஒரு மேம்பாலம், ஒரு கரடுமுரடான தெரு, சில வேகத்தடைகள், சற்று நெரிசல் ஆகிய நான்கும் அடங்கிய வழியில் அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்கக் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நால்வர் அமர்ந்த நிலையில் வேகத்தடையில் கார் அடிபடுகிறதா, வீட்டு முதியவர் தாழ்ந்த இருக்கையிலிருந்து சிரமமின்றி எழ முடிகிறதா என்பவற்றை அன்றே பார்த்துவிட வேண்டும்.

வேகத்தை விரும்புவோர் பாதுகாப்பையும் விலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். இந்தியாவில் தயாராகும் ஸ்லாவியா, விர்ட்டஸ், வெர்னா மூன்றும் 2023ஆம் ஆண்டில் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. பழைய காராயின், அந்த ஆண்டில் அந்த வகையில் எத்தனை காற்றுப்பைகள் இருந்தன, சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.சி. வசதி இருந்ததா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புதிய காரின் கணக்கு

இவ்வகைக் கார்களின் ஷோரூம் விலை ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாயில் தொடங்கி, உயர்ந்த வகைகளில் 18, 19 இலட்சம் வரை செல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்தின்படி, நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதம். நடுத்தர செடான்கள் நான்கரை மீட்டர் நீளம் உடையவை; எனவே எஞ்சின் 1 லிட்டராகவே இருந்தாலும் இவற்றுக்கு வரி 40 சதவீதம். இத்துடன் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியன சேரும். விலை 10 இலட்சத்தைத் தாண்டினால் விற்பனையாளர் ஒரு சதவீத வரியையும் வசூலிப்பார். இதனை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் அதற்குரிய சான்றைக் கேட்டுப் பெறுங்கள்.

இனித் தவணைக்கு வருவோம். மேற்சொன்ன வாடிக்கையாளர் 1.5 லிட்டர் டர்போ கார் ஒன்றுக்கு 12 இலட்சம் கடன் கேட்டார். எளிமைக்காக வட்டி 9 சதவீதம் என்று கொள்வோம். ஐந்தாண்டுக் கடனாயின் மாதத் தவணை 24,910 ரூபாய். ஏழாண்டாயின் 19,307 ரூபாய். குறைந்த தவணையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது இயல்பே. ஆனால் மொத்த வட்டி ஐந்தாண்டில் ஏறத்தாழ 2.95 இலட்சம், ஏழாண்டில் 4.22 இலட்சம்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. மூன்றாண்டு கழித்துப் பணிமாற்றமோ, மருத்துவச் செலவோ நேர்ந்து காரை விற்க வேண்டி வந்தால், ஐந்தாண்டுக் கடனில் மீதம் ஏறத்தாழ 5.45 இலட்சம் இருக்கும். ஏழாண்டுக் கடனில் 7.76 இலட்சம் இருக்கும். அப்போது அக்கார் 8 இலட்சத்துக்கு விலைபோவதாக வைத்துக்கொண்டால், முதல் வழியில் இரண்டரை இலட்சம் கையில் மிஞ்சும். இரண்டாம் வழியில் கடன் அடைந்தபின் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. ஐந்தாண்டுத் தவணை தாங்கவில்லை என்றால், கடன் காலத்தை நீட்டுவதைவிடக் கடன் தொகையைக் குறைப்பதே நலம்.

எரிபொருளையும் சேர்த்தே கணக்கிடுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்தால் 62.5 லிட்டர் போதும். உற்சாகமாக ஓட்டி அது 12 கிலோமீட்டராகக் குறைந்தால் 83 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலும் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வேறுபாடு. தவணை, எரிபொருள், காப்பீட்டின் மாதப் பங்கு, பராமரிப்பு ஆகிய நான்கையும் கூட்டிவரும் தொகை கைக்கு வரும் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் தனிப்பட்ட கருத்து.

பழைய காரின் கணக்கு

மூன்று, நான்கு ஆண்டு ஓடிய காரில், வரிச்சுமையின் பெரும்பகுதியையும் முதல் ஆண்டுகளின் மதிப்பிழப்பையும் முதல் உரிமையாளரே சுமந்துவிட்டார். 8.5 இலட்சம் விலையுள்ள காருக்கு 2.5 இலட்சம் கையிலிருந்து தந்து, 6 இலட்சம் கடன் பெறுவதாகக் கொள்வோம். பழைய காருக்கு வட்டி கூடுதல். 11 சதவீதமாயின், நான்காண்டுக் கடனில் தவணை 15,507 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 1.44 இலட்சம். புதிய காரைக் காட்டிலும் தவணையும் குறைவு, காலமும் குறைவு. ஆயினும் முதல் ஆண்டுப் பழுதுகளுக்கென ஐம்பதாயிரம் முதல் எழுபத்தைந்தாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்கி வைத்த பின்னரே இக்கணக்கு முழுமை பெறும்.

ஓட்டும் இன்பத்துக்குப் பெயர்பெற்ற காரைப் பழையதாக வாங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை: முந்தைய உரிமையாளரும் அந்த இன்பத்துக்காகவே அதை வாங்கியிருப்பார்! எனவே கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் சோதியுங்கள்.

எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று இயக்கிப் பாருங்கள். நீலநிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். டர்போ எஞ்சினாயின், எண்ணெய் மாற்றிய பதிவுகள் ஒன்று விடாமல் இருக்க வேண்டும்.

நான்காம் கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சி மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் பிரேக் டிஸ்குகளைப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2221 என்றால் 2021ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஓடிய தூரம் மிகக் குறைவு என்று சொல்லப்படும் காரில் டயர்கள் புதியவையாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

எஞ்சினின் கணினி அமைப்பை வெளியில் மாற்றித் திறனைக் கூட்டியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அத்தகைய மாற்றம் உத்தரவாதத்தையும் காப்பீட்டுக் கோரிக்கையையும் பாதிக்கக்கூடும்.

2023 ஏப்ரலுக்கு முன் தயாரான காராயின், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏற்றதா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். விற்பனை நின்றுபோன கார்களும் கவனத்துக்குரியவை. 2019இல் வந்து 2020இல் நின்ற ஹோண்டா சிவிக், ஃபோர்டு ஃபியஸ்டா போன்றவற்றை விரும்புவோர் இன்றும் உண்டு. வாங்குமுன் உதிரிபாகம் கிடைக்கும் வழியை உங்கள் ஊரிலேயே விசாரித்துக்கொள்வது நன்று.

ஆவணங்களில் அவசரம் வேண்டாம்

இவ்விடத்தில் என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பழைய செடானை வாங்கினேன். விற்றவர் தம் கடனை முழுதும் அடைத்திருந்தார். ஆனால் பதிவுச் சான்றில் இருந்த கடன் பதிவை நீக்கவில்லை. பிறருடைய ஆவணங்களில் இதையே நாள்தோறும் சரிபார்க்கும் நான், காரின் அழகில் மயங்கி, முன்பணம் தந்த பிறகே அதைக் கவனித்தேன். கார் என் பெயருக்கு மாற ஆறு வாரங்கள் ஆயின. அதுவரை அது வீட்டு வாசலில் நின்றது.

ஆகவே, முன்பணம் தரும் முன்பே வாகன் இணையதளத்தில் பதிவு எண்ணை இட்டுக் கடன் பதிவு, காப்பீடு, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கொண்டு விற்பவரே அதை நீக்கித் தர வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. வேறு மாநிலக் காராயின் படிவம் 28 வழியாகப் பெறும் தடையின்மைச் சான்றும், உங்கள் மாநிலத்துக்குரிய சாலை வரியும் கூடுதல். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் கோரிக்கையின்மைத் தள்ளுபடி உங்களுக்கு வராது. அது காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது.

உங்கள் பழைய காரை விற்கும்போதும் இதே கவனம் தேவை. பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகலைக் கண்ணால் காணும்வரை விற்பனை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

கடன் பெறும்போது வங்கி தரும் முக்கிய விவர அறிக்கையைப் படியுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு அது கட்டாயம். கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு சதவீத விகிதம் அதில் இருக்கும். இரு வங்கிகளை ஒப்பிட அதுவே சரியான அளவுகோல். தனிநபர்கள் சொந்தப் பயன்பாட்டுக்குப் பெறும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதக் கட்டணம் இல்லை. நிலையான வட்டியாயின் நிபந்தனையைக் கேட்டறியுங்கள்.

அந்த வாடிக்கையாளர் இரு கணக்குகளையும் தாளில் எழுதி எடுத்துச் சென்றார். பத்து நாள் கழித்து வந்து, மூன்றாண்டு ஓடிய 1 லிட்டர் டர்போ செடான் ஒன்றுக்கு, கையால் மாற்றும் கியர் உள்ளதற்கு, நான்காண்டுக் கடன் கேட்டார். இரண்டு கார்களையும் ஒரே மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தாராம். பெரிய எஞ்சின் தமக்கு மிகவும் பிடித்ததாகவும், ஆனால் அந்த வேறுபாட்டுக்கு மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் தரும் அளவுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். வேறொருவருக்கு அது தகுந்த விலையாகவே இருந்திருக்கலாம். சாலையிலும் தாளிலும் சோதித்த பின் எடுக்கும் முடிவு எதுவாயினும் பிறகு வருந்த நேராது.

வாகனக் கடன் குறித்த ஐயங்களுக்கு அருகிலுள்ள நம் கிளையை அணுகுங்கள். விலை பேசி முன்பணம் கொடுத்த பின் வருவதைவிட, அதற்கு முன்பே வருவது இரு தரப்புக்கும் நலம்.