தொடை எலும்பு நீளும்போது முழங்காலை மறக்கலாமா?



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு எலும்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரம் ஏறிய என் அண்ணன் தவறி விழுந்தார். முறிந்த தொடை எலும்பு 4 செ.மீ. குட்டையாக ஒட்டிக்கொண்டது. மேடு ஏறினாலும் இறங்கினாலும் நொண்டல்தான். பிறகு எலும்பை நீட்டும் ஆபரேஷன் செய்தார்கள். எங்க வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தான். டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டதும் நான்தான். அதையே இங்கே தருகிறேன்.

எலும்பு எப்படி நீளுகிறது?

அன்றைய சோவியத் நாட்டின் குர்கன் நகரில் டாக்டர் இலிசரோவ் 1950-களில் உருவாக்கிய முறை இது. எலும்பை வெட்டி, காலைச் சுற்றி வளையங்கள் மாட்டி, கம்பிகளால் எலும்போடு இணைப்பார்கள். ஒரு வாரம் கழித்து மெல்ல விலக்க, இடைவெளியில் புது எலும்பு வளரும். நாளைக்கு 1 மி.மீ.தான், அதுவும் நான்கு தவணையாக. திருகின் பிட்ச் 1 மி.மீ. என்றால், நட்டைக் கால் சுற்று திருப்பினால் 0.25 மி.மீ.! ஒர்க்‌ஷாப்பில் நாம் படித்த கணக்குதான். 4 செ.மீ.க்கு 40 நாள்.

முழங்கால் ஏன் மடங்க மறுக்கிறது?

எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. தொடையின் முன்தசை விறைத்தால் முழங்கால் மடங்காது; பின்தசை விறைத்தால் முழுசா நீட்ட வராது. கம்பிகள் தசையைத் துளைத்துப் போவதால் மடக்கினால் வலிக்கும். வலிக்குதேன்னு சும்மா படுத்தால் மூட்டு இறுகிவிடும். இழுப்பு மிஞ்சினால் மூட்டே பின்னால் நழுவக்கூடும். அதனால்தான் மடங்கும் அளவு 45 பாகைக்குக் கீழே போனால் நீட்டுவதை மெதுவாக்குவார்கள், அல்லது நிறுத்துவார்கள்.

தினமும் என் பாகைமானியை வைத்து அளந்தேன். ஒருநாள் 40 காட்டியது. "டாக்டர்கிட்ட சொல்லாதடா தம்பி, நிறுத்திட்டா கால் குட்டையாவே நின்னுடும்" என்றார் அண்ணன். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். சில நாள் நட்டைத் திருப்பாமல் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். 55 வந்ததும் மறுபடி தொடர்ந்தார்கள்.

செய்ய வேண்டியவை

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மடக்க வேண்டும். மல்லாந்து படுத்துக் குதிகாலைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். குதிகாலுக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, முழங்காலைக் கீழே அழுத்தி நீட்ட வேண்டும். சுகமா இருக்கேன்னு முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது, மடங்கியபடியே இறுகிவிடும்.

அதற்குப் பிறகு

நீட்டி முடித்தாலும் வளையத்தை உடனே கழற்ற மாட்டார்கள். புது எலும்பு கெட்டிப்பட, மொத்தத்தில் சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. கழற்றிய பின்னும் பயிற்சி மாதக்கணக்கில் தொடரணும். ஆனால் யாரும் பலவந்தமாக மடக்கக் கூடாது. புது எலும்பு முறியலாம். பயிற்சியாலும் சரியாகாவிட்டால் தசையை விடுவிக்கத் தனி ஆபரேஷன் உண்டு. இப்போது எலும்புக்குள்ளேயே வைத்து நீட்டும் ஆணிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் பயிற்சி கட்டாயம்.

சாதாரணமாக நடக்க சுமார் 65 பாகையும், நாற்காலியில் உட்கார 90-ம், குந்தி உட்கார 110-க்கு மேலும் வேண்டும். அண்ணனுக்கு இன்று 100. குந்த இன்னும் வரவில்லை. ஆனால் தோட்டத்து மேட்டை நொண்டாமல் ஏறுகிறார். பாகைமானி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. டிராயிங் வகுப்புக்கு நான் வேறு வாங்கிக்கொண்டேன்!

– இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்