குட்டி யானைக்கு ஸ்பார்க் பிளக்: வீட்டிலேயே மாற்றலாமா, எங்கே சொதப்பும்?

காலையில் சாவியைத் திருப்பினால், வண்டி ரெண்டு தடவை இருமிவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகிறது. மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை. மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "மிஸ்ஸிங் அடிக்குது, பிளக் மாத்தணும்" என்கிறார். யூடியூபில் பார்த்தால் பத்து நிமிட வேலை மாதிரி தெரிகிறது. நாமே செய்தால் என்ன?

செய்யலாம். ஆனால் பழைய பிளக்கைக் கழற்றுவதைவிட, புதியதை மாட்டும்போதுதான் அதிகம் சொதப்பும்.

உங்கள் வண்டியில் பிளக் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். 2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அதில் இருந்தது 702 சிசி டீசல் என்ஜின். நாம் குட்டி யானை என்று பெயர் வைத்த, வட இந்தியா சோட்டா ஹாத்தி என்று அழைத்த அந்த வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. டீசல் என்ஜினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். இசுஸு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ், பொலேரோ பிக்கப்பின் டீசல் மாடல்கள் எல்லாம் இதே ரகம். அவற்றில் குளோ பிளக் இருக்கலாம், அது வேறு சமாச்சாரம்.

பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஏஸ் கோல்டு பெட்ரோலில் 694 சிசி, 2 சிலிண்டர். மாருதி சூப்பர் கேரியில் 1.2 லிட்டர், 4 சிலிண்டர். அதற்கேற்ப பிளக்குகள்.

பிளக் ஏன் தேய்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. என்ஜின் 2 சுற்று சுற்றினால், ஒரு சிலிண்டர் ஒரு முறை பற்றவைக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 1,000 பொறிகள். சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 40,000 கி.மீ. ஓட 1,000 மணி நேரம். ஆக, ஒரு பிளக் அதற்குள் சுமார் 6 கோடி முறை பொறி தட்டியிருக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுக்க, அது நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியைத் தாண்டுகிறது. ஒவ்வொரு தாவலிலும் உலோகம் கொஞ்சம் கரைய, இடைவெளி அகலமாகும். ஒரு கட்டத்தில் பொறி தாண்டாது. சிஎன்ஜிக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை என்பதால் அங்கே கோளாறு முதலில் தெரியும். "பெட்ரோல்ல நல்லா போகுது, கேஸ்ல திணறுது" என்றால் பிளக்கைச் சந்தேகப்படுங்கள்.

தள்ளிப்போட்டால்? எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதையே உருக்கிவிடும். பிளக் விலை சில நூறு ரூபாய். கன்வெர்ட்டர் பல ஆயிரம். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

மாற்றும்போது

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு திருகினால் மரை பிய்ந்து வரும். இந்தச் சின்ன வண்டிகளில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் முதல் வேலை சீட்டைத் தூக்குவது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பிளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதி வெளியேற்றுங்கள். சைக்கிள் பம்ப் போதும். இதை விட்டால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் போகும். ஒன்றைக் கழற்றி, மாட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

பழைய பிளக்கின் நுனியைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. உலர்ந்த கரி, எரிபொருள் அதிகம் போவதன் அடையாளம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் எரிகிறது, புதுப் பிளக் அதைத் தீர்க்காது.

இனி முக்கியமான இடம். புதியதை ஸ்பேனரால் ஆரம்பிக்காதீர்கள். ஒரு சாண் ரப்பர் டியூபை பிளக்கின் மேல்முனையில் செருகி, விரலால் திருகுங்கள். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கும், மரை பிழைக்கும். முதல் சில சுற்றுகள் கையாலேயே லேசாக இறங்க வேண்டும். முரண்டு பிடித்தால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். மரை போனால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் நிலைகூட வரலாம். மிச்சம் பிடித்த கூலியெல்லாம் அங்கே போய்விடும்.

முறுக்கம் எவ்வளவு? 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள பிளக் என்றால் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. என்றால் 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லையா? கையால் இறுகிய பின் சுமார் அரைச் சுற்று. உங்கள் வண்டிக்குரிய அளவு மேனுவலில் இருக்கும், அதுதான் இறுதி. மரையில் கிரீஸ் தடவுவதும் வேண்டாம். வழுக்கலில் தேவைக்கு மேல் முறுகிவிடும்.

கடையில் "இதுவும் செட் ஆகும் சார்" என்று வேறு பிராண்டு கொடுத்தால் உஷார். என்ஜிகே பிளக்கில் வெப்ப எண் கூடினால் குளிர்ந்த ரகம். பாஷ் பிளக்கில் நேர்மாறு. எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல், பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? புளூடூத் ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் கோளாறு முதல் சிலிண்டரில். பிளக்குக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால், முதலாவதன் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு, பழைய கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால், வாங்க வேண்டியது காயில்.