வளர்ந்தபின் பியானோ பயிலல்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம்மவர் நாவிற் பயின்ற பழமொழி. ஒழுக்கத்தைக் கருதி எழுந்த அம்மொழியைக் கல்விக்கும் கலைக்கும் ஒருங்கே ஏற்றி, இனி நமக்கு எதற்கு என்று வாளாவிருப்போர் பலர். இளமையில் வாத்தியம் பயில வாய்ப்பின்றி, பரீட்சையும் உத்தியோகமும் குடும்பமுமாக ஆண்டுகள் கழியப் பெற்றோர், பிள்ளைகள் தலையெடுத்து ஓய்வு கிட்டும் காலத்தே, உள்ளத்தின் ஒரு மூலையிற் கிடந்த பழைய ஆசையை மீளவும் நினைப்பர்; நினைத்த அளவிலே நாணி விடுவர். அத்தகைய ஆசைகளுள் ஒன்று பியானோ. வளர்ந்த ஒருவர் அதனைக் கற்றல் கூடுமா? கூடுமாயின் எவ்வளவு கூடும்? எவ்வாறு கற்றல் வேண்டும்? இவற்றை ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வாத்தியத்தின் இயல்பை அறிதல் நன்று. பியானோவை ஆக்கியவர் இத்தாலி தேசத்துப் பாதுவா நகரிற் பிறந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்பார். புளோரன்ஸ் நகரில் மெடிச்சி அரச குடும்பத்தின் வாத்தியங்களைப் பேணும் பணியில் அமர்ந்திருந்த அவர், 1700ஆம் ஆண்டளவில் இதனை இயற்றினார். அவர் செய்தனவற்றுள் மூன்று இன்றும் உள. 1720இற் செய்தது நியூயோர்க்கிலும், 1722இற் செய்தது உரோமிலும், 1726இற் செய்தது ஜேர்மனியின் லைப்சிக் நகரிலும் அரும்பொருட்சாலைகளிற் காக்கப்படுகின்றன. இதற்கு முன்னர் வழங்கிய ஹாப்சிகோட் என்னும் வாத்தியத்திற் கட்டையை அழுத்தினால் அலகு ஒன்று தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினும் வலிந்து அழுத்தினும் ஓசை ஏறக்குறைய ஒரே அளவினதே. கிறிஸ்தோபோரி அவ்வலகை நீக்கிச் சிறு சுத்தியலொன்று தந்தியைத் தட்டுமாறு அமைத்தார். மெல்லத் தட்டின் மெல்லோசை. விரைந்து தட்டின் வல்லோசை. மென்மை, வன்மை என்று பொருள்படும் ‘பியானோ’, ‘போர்த்தே’ என்ற இரு இத்தாலியச் சொற்களும் இணைந்து அதற்குப் பெயராயின. பின்னர் முற்பாதி மட்டுமே வழக்கில் நின்றது.

இக்காலப் பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. வெள்ளை 52, கறுப்பு 36. உள்ளே ஏறக்குறைய 230 உருக்குத் தந்திகள் இரும்புச் சட்டமொன்றில் இறுகக் கட்டப்பட்டிருக்கும். பெரும் பியானோ ஒன்றில் அத்தந்திகளின் இழுவை எல்லாம் சேர்ந்து 20 தொன்னை அண்மும். வீணையிற்போல ஒரு தந்தியின் மேல் விரல்வைத்துப் பல சுரங்களைப் பிறப்பித்தல் இங்கில்லை; ஒவ்வொரு சுரத்திற்கும் தனித்தந்தி உண்டு. ஆதலின், சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் ஆராய்ந்த பழந்தமிழ் யாழுக்கு இதனைத் தூரத்து உறவென்று கூறினும் பொருந்தும்.

கட்டையை அழுத்துங்கால், அதனோடு இணைந்த நெம்புகள் சுத்தியலை மேலே எறிகின்றன. தந்தியைத் தொடுதற்குச் சற்று முன்னரே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தானே சென்று தட்டி உடனே பின்வாங்கி விடுகின்றது. ஓசை பிறந்தபின் விரலை எவ்வளவு ஊன்றி அழுத்தினும் அவ்வோசை சிறிதும் வலுக்காது. சுத்தியல் எவ்வளவு விரைவாகச் சென்றது என்பதொன்றே ஓசையின் அளவை முடிவு செய்கின்றது. கற்போன் இவ்வுண்மையை முதல் நாளிலேயே உணர்தல் வேண்டும். வளர்ந்தவர்கள், பிழை நேருமோ என்ற அச்சத்தால் தோளையும் மணிக்கட்டையும் இறுக்கிக்கொண்டு கட்டைகளை ஊன்றுவர். அவ்விறுக்கத்தால் ஓசைக்கு யாதொரு பயனும் இல்லை; கைக்குத் தீங்கு மட்டுமே உண்டு. கையின் பாரத்தைத் தளர்வாக விரல்நுனிக்கு விடுதலும், ஓசை எழுந்தவுடன் இறுக்கத்தை நீக்குதலுமே முதற் பாடம். நோவு தோன்றினால் நிறுத்திவிடல் வேண்டும். புகழ்பெற்ற இசையாசிரியராகிய ரொபேட் ஷூமன், இளமையில் வலக்கை விரலொன்று செயலிழந்தமையாற் பியானோ வித்துவானாகும் எண்ணத்தையே கைவிட நேர்ந்தது.

நம்மவர்க்கு இவ்வாத்தியம் முற்றும் அந்நியமானதன்று. கர்நாடக சங்கீதத்திற் சுரத்தானங்கள் 12. பியானோவில் ஒரு ஸ்தாயிக்குரிய கட்டைகளும் 12. ‘சி’ எனப்படும் வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால், சங்கராபரணத்தின் ஆரோகணத்துச் சுரங்கள் எழும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு இளமையில் ஒருமுறையேனும் தோற்றியவர்க்குச் சரளிவரிசையும் தாளக் கணக்கும் இங்கும் கைகொடுக்கும். ஆயினும் இரண்டு வேறுபாடுகளை மறத்தல் கூடாது. ஒன்று, பியானோவிற் கமகம் இல்லை. சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லவோ ஒரு சுரத்தை அசைக்கவோ இயலாது. தோடியின் காந்தாரத்தை அதனிடம் எதிர்பார்த்தல் வீண். மற்றையது, அதன் சுருதி பன்னிரண்டும் சம இடைவெளியாகப் பகுக்கப்பட்டது. ஸட்ஜ பஞ்சமத்தின் இயற்கை விகிதம் 3க்கு 2; பியானோவின் பஞ்சமம் அதனினும் மயிரிழை குறைந்தே ஒலிக்கும். இவ்விழப்புக்கு ஈடாக அது தருவது யாதெனின், பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பிக்கும் வளமாகும். வலக்கை பாட, இடக்கை அதற்குத் துணையாகவும் மறுமொழியாகவும் நிற்கும். நமது ஒற்றைப் பண்ணோட்டத்திற் பழகிய செவிக்கு இது புதியதோர் இன்பம்.

இனி, வளர்ந்தோர் கற்கும் வகையை நோக்குவோம். பியானோ இசையை எழுதும் முறையில் ஐந்து கோடுகள் கொண்ட இரு வரிசைகள் உண்டு. பெரும்பாலும் மேல்வரிசை வலக்கைக்கும் கீழ்வரிசை இடக்கைக்கும் உரியன. இம்முறையின் இலக்கணத்தை ஒரு சிறுவன் பல மாதங்களிற் கற்பான். வளர்ந்தவரோ சில நாட்களில் விளங்கிக்கொள்வர். துன்பம் தொடங்குவதும் இங்கேதான். மனம் விளங்கிக்கொண்டதை விரல் விளங்கிக்கொள்ள மறுக்கின்றது. நல்லிசையைப் பல்லாண்டு கேட்டுப் பண்பட்ட செவியோ, தன் கை எழுப்பும் ஓசையைக் கேட்டுத் தானே முகஞ்சுளிக்கின்றது. சிறுவனுக்கு இத்துன்பம் இல்லை. அவனுடைய அறிவும் செவியும் விரலும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்பன. வளர்ந்தவர்க்கு அறிவு முற்பட்டுச் சென்றுவிட, விரல் பிற்பட்டு நிற்கின்றது. அவ்விடைவெளியைத் தம் தகுதியின்மை என்று பிறழக் கொண்டு, மூன்றாம் மாதத்திலே கைவிடுவோர் பலர். அஃது உண்மையிற் காலத்தின் இடைவெளியே அன்றி ஆற்றலின் குறைவன்று.

இதற்குச் சான்று ஆராய்ச்சியில் உண்டு. அமெரிக்காவில் அல்வாரோ பஸ்குவால் லியோன் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பியானோ பயிலாத வளர்ந்தோர் சிலர், ஒரு கையின் ஐந்து விரல்களாலும் வாசிக்கும் எளிய பயிற்சியொன்றை நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமாக ஐந்து நாட்கள் பயின்றனர். அவ்வைந்து நாட்களுக்குள்ளேயே, அவ்விரல்களை இயக்கும் மூளைப் பகுதி விரிவடைந்தமை அளந்து காணப்பட்டது. இன்னொரு சாரார் கட்டையைத் தொடாது மனத்தினுள்ளே மட்டும் அப்பயிற்சியை வாசித்தனர். அவர்தம் மூளையிலும் அத்தகைய மாற்றம் தோன்றிற்று. வாசிப்பில் முன்னவர்க்குச் சற்றுப் பின்தங்கிய அவர்கள், பின்னர் ஒருமுறை கையாற் பயின்ற அளவில் அவரை எட்டினர். வளர்ந்தோர் மூளை காய்ந்த மரமன்று என்பது இதனாற் புலப்படும். பேருந்திற் செல்லும்போதும் துயில்கொள்ளுமுன்னரும் பாடத்தை மனத்தால் வாசித்துப் பார்த்தல் வீண் கற்பனையன்று என்பதும் தெளிவாகும்.

எனினும் வளையாதனவும் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. ஓசையைக் கேட்டவுடன் வேறு துணையின்றி இன்ன சுரமென்று கூறும் ஆற்றல், ஆறேழு வயதிற்கு முன்னரே பயிலத் தொடங்கினோரிடத்திற்றான் பெரும்பாலும் காணப்படுவது. அரங்கேறும் வித்துவான்களின் வேகமும் அத்தகையதே. பேர்லின் இசைக்கழகத்து வயலின் மாணவரை ஆராய்ந்து அண்டேர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அவருட் சிறந்தோர் 20 வயதிற்குள் தனித்துப் பயின்ற காலம் சராசரியாகப் பத்தாயிரம் மணித்தியாலத்தை எட்டியது. நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் பயிலும் ஒருவர்க்கு அத்தொகை நிறைவுற ஏறக்குறைய 55 ஆண்டுகள் செல்லும். ஆகவே, ஐம்பதில் தொடங்குவோர் அரங்கை நோக்கித் தொடங்குதல் வேண்டா. எளிய நல்லிசையைத் தம் கையாலேயே எழுப்பித் தாமே கேட்டு மகிழ்தல் என்னும் பயன், ஓரிரு ஆண்டுகளிற் கைக்கெட்டுவது.

பயிலும் முறையிற் சில விதிகள் இன்றியமையாதன. கிழமைக்கு ஒருநாள் மூன்று மணித்தியாலம் இருப்பதினும், நாள்தோறும் இருபது நிமிடம் இருத்தல் மேல். பயின்றது துயிலிலும் பண்படுகின்றது. விரல்களை ஒரு வரிசையில் தட்டப் பயின்றோர், ஓரிரவு உறங்கியபின் மேலும் பயிலாமலே ஏறக்குறைய நூற்றுக்கு இருபது வீதம் விரைவு பெற்றமையை 2002இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. பாட்டை முதலிலிருந்து இறுதிவரை ஓட்டுதல் பயிற்சியன்று. இரண்டு மூன்று அட்சரங்களைத் தெரிந்து, வலக்கையால் மட்டும், பின் இடக்கையால் மட்டும், அதன்பின்னரே இருகையாலும், பிழை நேராத அளவு மெதுவாக வாசித்தல் வேண்டும். எந்தச் சுரத்திற்கு எந்த விரல் என்பதை ஒருமுறை வரையறுத்தபின் மாற்றலாகாது. கை நினைவிற் கொள்வது சுரத்தை மட்டுமன்று, விரலையும் ஆம். விரைந்து வாசித்து நூறுமுறை பிழைத்தவன், பிழையையே நூறுமுறை பயின்றவனாவான்.

எதனை வாசிப்பது என்னும் வினாவுக்கு விடை எளிது. யொஹான் செபஸ்தியன் பாக் என்னும் ஜேர்மானிய இசைப்பேராசான், தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கென 1722இலும் 1725இலும் இரு கையேடுகளைத் தொடங்கினார். உலகெங்கும் பியானோ பயிலும் சிறுவர் வாசிக்கும் ‘ஜி’ சுருதி மினுவெற்று, அவற்றுட் பிந்திய ஏட்டில் உள்ளது. நெடுங்காலம் பாக் இயற்றியதெனக் கருதப்பட்ட அதனை இயற்றியவர் கிறிஸ்தியன் பெற்சோல்ட் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நாம் இங்கே கருத வேண்டுவது வேறொன்று. இன்று சிறுவர்க்கெனக் கருதப்படும் அவ்வேடு, முதலில் வளர்ந்த ஒரு பெண்மணிக்கு அளிக்கப்பட்ட அன்பளிப்பு. வாசிப்பிற்கு எளிதாயினும் கேட்பதற்குச் சிறிதும் அற்பமன்று. அங்ஙனமே, ஹங்கேரிய இசையறிஞர் பேலா பார்ட்டொக் 1926 தொடங்கி 1939 வரை இயற்றிய ‘மைக்குரோகொஸ்மொஸ்’ என்னும் தொகுதியின் 153 உருப்படிகளும் எளிமையிலிருந்து அருமைக்குப் படிப்படியாக ஏறிச் செல்வன.

வாத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். கடற்காற்றும் ஈரமும் மிக்க நம் நாட்டிற் பியானோவின் மரப்பலகை ஈரத்தை ஏற்று விரியும், சுருதி பிறழும், தந்தி துருவேறும். சுருதி கூட்டுவாரைப் பெறுதலும் எளிதன்று. எனவே, 88 கட்டைகளும் உரிய பாரமும் கொண்ட மின்பியானோ தொடக்கத்திற்குப் போதுமானது. செவிக்கருவியைப் பூட்டிக்கொண்டு வாசித்தால் அயலார் கேளார் என்பது, நாணமுடையார்க்கு அதனிடத்துள்ள தனிச்சிறப்பு. ஆயினும் ஆசிரியர் ஒருவரேனும் கேட்டுத் திருத்துதல் வேண்டும். கையின் இறுக்கத்தை அக்கைக்குரியவர் தாமே காண்டல் அரிது.

இறுதியாக அந்நாணத்தைப் பற்றியே சில கூறுதல் தகும். முப்பது ஆண்டு பிறர்க்குக் கற்பித்தவரும், கந்தோரிற் பலரை ஏவல் கொண்டவரும், ஒரு பிள்ளையின் பாடத்தின்முன் அமர்ந்து தடுமாறுதல் எளிதன்று. இலண்டனிற் கார்டியன் நாளிதழின் ஆசிரியராய் இருந்த அலன் றஸ்பிரிட்ஜர், இளமையிற் கற்று இடையில் விட்ட பியானோவை மீண்டும் கையிலெடுத்து, 2010இல், தமது 56ஆம் வயதில், ஷோப்பேன் இயற்றிய மிகக் கடினமான உருப்படி ஒன்றைக் கற்கத் துணிந்தார். செய்திப் பணியின் கடும் நெருக்கடிக்கிடையே நாளொன்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார். ஓராண்டில் முடிப்பதாக எண்ணியது பதினாறு மாதமாயிற்று. ஆயினும் நண்பர் முன்னிலையில் அதனை வாசித்தார்; அவ்வனுபவத்தை 2013இல் நூலாகவும் எழுதினார். தொழிலிற் பெற்ற பெருமை அவர் விரல்களுக்கு யாதும் உதவவில்லை. நாள்தோறும் அமர்ந்தமையே உதவிற்று.

பிள்ளைகள் பயின்று, பின் கடல்கடந்து குடியேறிவிட, அவர்கள் விட்டுச் சென்ற வாத்தியம் மூடிய மூடியோடு மூலையிற் கிடக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவ்வீட்டுப் பெரியோர்க்கு மாலைப்பொழுது நீண்டது. கல்லூரியில் நாம் கற்ற பாடங்களுட் பல மறந்துபோயின. ஆயின், தெரியாத ஒன்றன் முன் அடக்கமாக அமர்ந்து, பிழைத்துத் திருத்தி மீண்டும் பிழைத்து முன்னேறும் பழக்கத்தை அங்கேதான் பெற்றோம். அப்பழக்கம் நம்மிடம் இன்னும் உளதாயின், மூடியைத் திறந்து, வலக்கைப் பெருவிரலை ‘சி’ கட்டையின்மேல் வைத்து, ஐந்து சுரங்களை மெதுவாக ஒருமுறை வாசித்தற்கு இன்று மாலையே போதும். நாளையும் அவ்வாறே இருபது நிமிடம் அமர்க.